ஒரே தட்டுக்குச் சமைத்த வருஷம்

விருந்துகளில் நாலைந்து ஆண்கள் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது ஆம்பூர் முஸ்லிம் வீடுகளில் புதிதல்ல. ஆனால் வீட்டுச் சாப்பாடு வேறு. தினப்படி, ஆண்கள் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். நான் சமைக்கப் போன வீட்டில் மட்டும் புருஷனும் பெண்சாதியும் எதிரெதிராக உட்கார்ந்து, ஈயம் பூசிய ஒரே செம்புத் தட்டில், இரண்டு வேளையும் சேர்ந்து சாப்பிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். அவர்கள் சொந்தக்காரர்கள் இதைச் சாடையாகப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

அவர் தோல் பதனிடும் கிடங்குக்கு முதலாளி. என் அப்பா அவர் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். அந்த அம்மா வாலாஜாபேட்டையில் ஜவுளி வியாபாரி வீட்டுப் பெண். அவரை நாங்கள் முதலாளி என்போம், அந்த அம்மாவை பீபிம்மா என்போம். அவர்களுக்குள் உருது பேசுவார்கள், எங்களோடு தமிழ். கேட்டுக் கேட்டு எனக்கு உருது விளங்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியிருந்தேன். வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு மனுப் போட்டபோது வயது போதாது, அடுத்த ஜூனில் வா என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் நான் எங்கள் தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டு வீணாக நடந்துகொண்டிருந்தேன். "டீச்சரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்பார்கள். கிண்டல் என்று தெரிந்தும் நான் விடப்பட்ட வழியில் நடந்துபோவேன்.

பீபிம்மா அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று முடிவானது. அந்த டாக்டரம்மா இங்கிலீஷும் உடைந்த தமிழும்தான் பேசுவார் என்பதால், இரண்டும் தெரிந்த ஒரு பெண் கூட வேண்டும் என்று முதலாளி என் அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டார். என்னைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆம்பூரில் அந்த வேலைக்கு வேறு எந்தப் பெண் இருந்தாள்?

ஆஸ்பத்திரியில் பீபிம்மாவை எடை மேடையில் ஏற்றினார்கள். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே கை விரல்களை அமுக்கிப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அதற்குள் வாசலில் ஏதோ துருத்தி ஊதுவது போலச் சத்தம் கேட்டது. முதலாளி மாடிப்படி ஏறி வந்து நின்றிருந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அவரும் ஏறட்டும் என்று சொல்லச் சொன்னார்.

அவருக்கு உடம்பில் சர்க்கரை இருக்கிறது, இருதயம் பளு தாங்கவில்லை, எடை இறங்கவேண்டும். அந்த அம்மாவுக்கு உடம்பில் ரத்தமே இல்லை, ஏறவேண்டும், ஏறாமல் பிள்ளையைப் பற்றி யோசிக்கவே கூடாது. அந்த அம்மா சாப்பிடவேண்டியதை அவர் தொடக்கூடாது, அவர் சாப்பிடவேண்டியது அந்த அம்மாவுக்குப் போதாது. இதையெல்லாம் நான் ஒரு வார்த்தை விடாமல் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன். நோன்பு மாதத்துக்கு முன்னால் இருவரும் மறுபடி வந்து எடை காட்டவேண்டும் என்றார்கள்.

எங்களோடு முதலாளியின் அக்காவும் வந்திருந்தார். விதவை. வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அவரை எல்லோரும் ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். காட்பாடியில் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்ததும் ஆபா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு நோயாளியைக் கூட்டினு போனோம். ரெண்டாத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

நான் சிரித்தேன். பீபிம்மா சிரிக்கவில்லை. ஆபாவின் பேச்சு எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆபா மேலே சொன்னது இதுதான்: நோன்புக்குள் அவன் இறங்கவில்லை, இவள் ஏறவில்லை என்றால் தட்டைப் பிரித்துவிடுவேன். ஊரில் எல்லா வீட்டிலும் போல அவன் முன்னால் சாப்பிடட்டும், இவள் பின்னால் உள்ளே வந்து என் கண் எதிரில் சாப்பிடட்டும். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அப்போது தெரியும்.

ஆம்பூரில் இறங்கி ஜட்கா வண்டிக்கு நடக்கும்போது பீபிம்மா புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சமையலுக்கு நீ வந்துடு. இன்னா வேணா சமை. தட்டை மட்டும் பிரிக்க விடாதே."

அதுவரை சமைத்துக்கொண்டிருந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கு வாணியம்பாடி போய்த் திரும்பாமலே இருந்தார். டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டவள் நான். அதனால் அந்த அடுப்படிக்கு நான் வந்தேன். எங்கள் கையால் சமைத்ததை ஊரில் எல்லா வீட்டிலும் சாப்பிடமாட்டார்கள். அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். அதை நான் கவனித்தேன், ஆனால் நன்றி சொல்லவேண்டிய விஷயமாக நினைக்கவில்லை.

முதல் நாட்களில் தட்டைக் கொண்டுவைத்துவிட்டுக் கதவோரம் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். குழம்பு போதவில்லை என்றால் ஊற்றவேண்டுமே. அப்போதுதான் சங்கதி பிடிபட்டது.

முதலாளிக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருந்தது, வேலை செய்யவில்லை. மீசை முளைக்கும் முன்பே தகப்பனாரோடு குழிக்கரையில் நின்றவர். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் ஊறவைத்த ஆவாரம்பட்டையும் சேர்ந்து அந்த மூக்கை எப்போதோ அடைத்துவிட்டன. ரோஜா அத்தரும் குழித் தண்ணீரும் அவருக்கு ஒன்று. நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் தெரியும். பல்லில் கடிபடுவது தெரியும். அவ்வளவுதான். ஆனாலும் கறி இல்லாத சோறு அவருக்குச் சோறு இல்லை.

பீபிம்மாவுக்கோ அடுத்த தெருவில் பால் தீய்ந்தால் இங்கே முகம் சுளிக்கும். ஆம்பூர்க் காற்றே அவருக்கு ஆகவில்லை. வாலாஜாபேட்டையில் இருந்தவரை கறி சாப்பிட்டவர்தான். இங்கே வந்தபிறகு எந்தக் கறித்துண்டை எடுத்தாலும் அதில் கிடங்கு வாசனை வருகிறது என்பார். பாலில் மாட்டுத் தீனி வாசனை. முட்டையைப் பற்றிப் பேசவே கூடாது. நெய்யை எத்தனை நாள் முன்னால் காய்ச்சியது என்று சொல்வார்.

தட்டு வந்ததும் முதலாளி நல்ல துண்டாகப் பார்த்து, நல்லியெலும்பாகப் பார்த்து, பீபிம்மா பக்கம் தள்ளுவார். அந்த அம்மா அதை மூக்கருகே கொண்டுபோவார். "இதுல கிராம்பு கருகியிருக்கு." திரும்ப அவர் பக்கம் வந்துவிடும். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்று, "ஆமா, கிராம்பு" என்பார். அடுத்த துண்டு போகும். "இது வெந்தயம் மாதிரி. மழைக்கு முன்னாடி மண்ணு வாசனை வருமே, அதுவும் சேர்ந்து." அதுவும் திரும்பி வரும். "ஆமா, மண்ணு." சில நாள் அவர் வேண்டுமென்றே, "இல்லையே, மல்லிகைப்பூ வாசனையில்ல வருது" என்பார். பீபிம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தண்ணீர் கொண்டு ஓடவேண்டியிருக்கும்.

அவர்கள் வழக்கத்தில் தட்டில் எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. கடைசிக் கவளத்தில்தான் பரக்கத், அல்லாவின் அருள், இருக்கிறது, அது எந்தக் கவளம் என்று யாருக்கும் தெரியாது, அதனால் தட்டை வழித்துவிடவேண்டும். வழிப்பவர் முதலாளி. பெண்சாதி தேறவேண்டும் என்று அவர் நெய்ச்சோறு செய்யச் சொல்வார். அது தட்டின் நடுவழி போய், திரும்பி, அவர் வயிற்றுக்குள் சேரும். பாதாம் அல்வா கிண்டச் சொல்வார். அதுவும் அங்கேயே சேரும். அந்த அம்மாவைத் தேற்ற எவ்வளவு கூடுதலாகச் சமைக்கச் சொன்னாரோ அவ்வளவும் இத்தனை வருஷமாக அவர் மேல்தான் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கே தெரியாத இந்தக் கணக்கை நான் கதவோரம் நின்று கண்டுபிடித்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலிருந்துதான் தொடங்கினேன். எள்ளை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து பீபிம்மா பக்கம் வைத்தேன். கொள்ளை ரசமாக வைத்து முதலாளி பக்கம் வைத்தேன். எள்ளுச்சோறு இரண்டு வாய்க்குப் பிறகு எண்ணெய்ச் சிக்கு வாசனை என்று அந்தப் பக்கம் போய், கொழுத்தவர் வயிற்றில் இறங்கியது. கொள்ளு ரசத்தை முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, குழியைக் கழுவி விட்ட தண்ணீர் கூட இதைவிட உறைக்கும் என்றார். பருப்பில் நெய்யை ஒளித்து வைத்தேன். பீபிம்மா கண்டுபிடித்துவிட்டார். முதலாளிக்குச் சோற்றைக் குறைத்தேன். அவர் கிடங்கிலிருந்து வரும் வழியில் கடைத்தெருவில் எதையோ சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆபா தினமும் அடுப்படி வாசலில் நின்று, "இன்னா டீச்சரம்மா, முள்ளு நகந்துச்சா?" என்பார். எனக்கு உடம்பு எரியும்.

நகர்த்திக் கொடுத்தது என் சொந்தச் சாப்பாடு.

அந்த வீட்டில் நான் சாப்பிடுவதில்லை. போடமாட்டார்கள் என்றில்லை. நானே வீட்டிலிருந்து எடுத்துவருவேன். கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி, சில நாள் முருங்கைக்கீரை. மதியம் பின்கட்டில், கிணற்றடிக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவேன். எட்டாம் வகுப்பு தேறிய பெண் கூலிக்காரர் களியை விழுங்குவதை அந்த வீட்டார் பார்க்கவேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த மூக்கிடமிருந்து எதை மறைப்பது? ஒரு நாள் நான் சட்டியைத் திறந்தபோது பீபிம்மா பின்னால் வந்து நின்றார்.

என்ன அது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வறுத்த கடலை வாசனை வருது?" என்று சொல்லி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் சட்டியிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டார். மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை. பிறகு இன்னொன்று. அன்று நான் பட்டினி. அந்த வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த பட்டினி அதுதான்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் களி கிளறினேன். கேழ்வரகு மாவில் வெல்லமும் எள்ளும் சேர்த்து இடித்த உருண்டை, முருங்கைக்கீரை அடை, செக்கு நல்லெண்ணெய் அன்றன்றைக்கு வாங்கியது. எல்லாம் எங்கள் தெருச் சாப்பாடு. எதையும் அந்த அம்மா தள்ளவில்லை. ஆபாவுக்குத்தான் தாங்கவில்லை. முதலாளி வீட்டில் களி கிளறுவது வெளியே தெரிந்தால் கிடங்கு மூழ்கிவிட்டது என்று பேசுவார்கள் என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் தினமும் களிதான், எங்களுக்கு மூழ்குவதற்குக் கிடங்கு இல்லை என்றேன். ஆபா வெற்றிலையை மென்றுகொண்டே, "வாய் மட்டும் எட்டாவது படிச்ச வாய் இல்ல, இன்னும் மேல" என்று சொல்லிப் போய்விட்டார்.

முதலாளிக்கு வேறு வழி பிடித்தேன். மணம்தான் இல்லை, பல் இருக்கிறது. கொழுப்பில்லாத கறியை உப்பும் மிளகாயும் தடவி வெயிலில் காயவைத்து, உப்புக்கண்டமாக்கி, அதைத் தணலில் சுட்டுக் கொஞ்சமாக வைத்தேன். ஒரு துண்டை மெல்ல அரைநாழிகை ஆகும். புளிச்சகீரை கடைந்தேன், பல் கூசும் புளிப்பில். முள்ளங்கியை, வெள்ளரிப்பிஞ்சை, நெல்லிக்காயை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவினேன். கொள்ளை ரசமாக்காமல் வறுத்து நொறுநொறுவென்று வைத்தேன். அவர் வாயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டால் அவருக்கு வயிறு நிறைந்தது. களி அவருக்குப் பல்லில் ஒட்டும், பிடிக்காது. உப்புக்கண்டம் சுடும் வாசனை பீபிம்மாவுக்கு ஆகாது, அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

தட்டின் நடுவே சோற்றைச் சின்ன வரப்பு போலக் கட்டினேன். இந்தப் பக்கம் இவருக்கு, அந்தப் பக்கம் அவருக்கு. தள்ளுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக வழிக்கப்பட்டு, தட்டு கழுவினதுபோலத் திரும்பி வரும். நான் அதை எடுத்துப்போகும்போது ஆபா பார்க்கிறாரா என்று பார்ப்பேன்.

அந்த அம்மாவின் வளையல்கள் இறுகத் தொடங்கின. முதலாளியின் சட்டை தோளிலிருந்து தொங்கத் தொடங்கியது. ஆம்பூரில் ஒருவன் இளைத்தால் உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள், சரக்குக்கு என்ன என்றுதான் கேட்பார்கள். இரண்டு தரகர்கள் முகம் பார்த்துப் பேசாமல் போனதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அவர் படி ஏறினால் துருத்திச் சத்தம் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்காமல் போனது. அது எனக்கு உடனே தெரியவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி எத்தனையோ நாளாயிற்று என்பது ஒரு மதியம்தான் உறைத்தது. அன்று கதவோரம் நின்று பார்த்தேன். இருவரும் தலை குனிந்து, அவரவர் பக்கத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லும் சத்தம் மட்டும் இருந்தது. நடுவில் முதலாளி ஒரு உப்புக்கண்டத் துண்டை எடுத்தார். வாயில் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது இன்னா வாசனை?"

பீபிம்மா நிமிரவில்லை. அந்தப் பக்கத்து வாசனை எட்டாமல் மூச்சைத் திருப்பிக்கொள்ள அவர் பழகியிருந்தார்.

"தெரியலிங்க. அது உங்க பக்கம்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் இந்தச் சரக்கு நம்மிடம் இல்லை என்பது போலச் சொன்னார். முதலாளி அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. அந்த அம்மா வேண்டாம் என்று தள்ளிய ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு போனது, அந்தப் பெயரைத்தான் அவர் இத்தனை காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் நான் பிறகு, பயிற்சிப் பள்ளி விடுதியில் எல்லோரும் ஒரே மாதிரிச் சோற்றைப் பேசாமல் விழுங்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது யோசித்துச் சேர்த்தது. அன்றைக்கு நான் நினைத்தது, உப்பு கூடிவிட்டதோ என்றுதான்.

நோன்புக்கு முன்னால் வேலூர் போனோம். முள் இரண்டு பேருக்கும் நகர்ந்திருந்தது, எந்தப் பக்கம் நகரவேண்டுமோ அந்தப் பக்கம். டாக்டரம்மா இருவரையும் பார்த்துவிட்டு, யார் சமைத்தது என்று கேட்டார். அதை நானே மொழிபெயர்த்து, நானே பதில் சொல்லவேண்டியிருந்தது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை நான் காட்பாடி வரை மடியில் தனியாக வைத்துக்கொண்டு வந்தேன்.

ரயிலில் ஆபா பீபிம்மாவைப் பார்த்து, தட்டைப் பற்றி இனி நான் வாய் திறக்கமாட்டேன், அது உங்கள் தட்டு என்றார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார், அதையும் சொல்லவேண்டும். பீபிம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நோன்பு முழுவதும் முதலாளி பள்ளிவாசலிலேயே கஞ்சி குடித்து நோன்பு திறந்தார். முந்தைய வருஷங்களிலும் அப்படித்தான், ஆனால் வீட்டுக்கு வந்து தட்டிலும் உட்காருவாராம். இந்த வருஷம் வயிறு நிறைந்துவிட்டது என்றார். பெருநாள் கழிந்து சில நாளில், மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, துண்டு நீட்டிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"நாளையிலேர்ந்து மதியத்துக்கு எனக்குக் கிடங்குக்கே குடுத்து அனுப்பிடும்மா. வந்து போற நேரம் மிச்சம்."

சொல்லிவிட்டுப் பீபிம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மறுநாளே பழையபடி வந்து உட்கார்ந்திருப்பார். அதைக் கேட்கத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். பீபிம்மா என் பக்கம் திரும்பினார்.

"கீரை ஆறிடும். மூடி நல்லா இறுக்கமா போட்டு அனுப்பு."

ரயிலடியில் என் மணிக்கட்டைப் பிடித்த அதே அம்மாதான். அவர் விட்டுக்கொடுத்தாரா, முதலாளிக்கே அதுதான் விருப்பம் என்று நினைத்தாரா, என்னால் சொல்லமுடியாது. ஒருவேளை அந்தத் தட்டில் காப்பதற்கு ஒன்றும் மீதி இல்லை என்று இரண்டு பேருக்கும் என்னைவிட முன்பே தெரிந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கிடங்கு இல்லை. தொழுகை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். அன்று நான் டாக்டரம்மாவை மறந்தேன். பழைய சமையற்கார அம்மாள் வைப்பது போலவே நெய் மிதக்க, பட்டையும் கிராம்பும் தாராளமாகப் போட்டு, நல்லியெலும்போடு கறி வைத்து, வரப்புக் கட்டாமல், நடுவில் கொட்டி எடுத்துப்போனேன். கிராம்பைக் கொஞ்சம் கருகவும் விட்டேன். கதவோரம் நின்றேன். முதலாளி தட்டைப் பார்த்தார், எதுவும் எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். தனக்கு அது கூடாது என்று அவர் நன்றாகப் பழகியிருந்தார். பீபிம்மா ஒரு துண்டை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. பிறகு அந்தத் துண்டைத் தன் பக்கத்து ஓரத்திலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். மரியாதைக்குச் சொன்னது. நான் தேடிப்பிடித்துச் சமைத்த சாப்பாட்டுக்குக்கூட அந்த வார்த்தையை அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை.

அன்று தட்டு முதல் தடவையாக மிச்சத்தோடு அடுப்படிக்குத் திரும்பியது.

அதே டாக்டரம்மா அதே சொல்லை இன்று சொன்னாலும் நான் அதே களியைத்தான் கிளறுவேன், அதே கீரையைத்தான் கடைவேன். வேறு என்ன செய்ய? முதலாளி இளைக்காமல் படி ஏறுகிறார். அந்த அம்மா மயங்கி விழுவதில்லை. இதைச் சொல்லி மனதைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன். தேறுவதில்லை. பீபிம்மா என்னிடம் கேட்டது ஒன்று, ஆஸ்பத்திரி கேட்டது ஒன்று. நான் படித்தவள் என்பதால் ஆஸ்பத்திரி கேட்டதைச் செய்து முடித்தேன்.

அதன்பிறகு மதியங்களில் பீபிம்மா தனியாகச் சாப்பிட்டார். சிறிய தட்டு. ஒரு நாள் என்னையும் உட்காரச் சொன்னார். நான் என் சட்டியோடு போய் உட்கார்ந்தேன், முதலாளி உட்காரும் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி. அவர் தட்டிலும் என் சட்டியிலும் ஒரே களி. பேச ஒன்றும் இல்லை.

முதலாளியின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போவது என் அப்பாதான். ஒரு மதியம், அப்பா வருவதற்காகத் தூக்கை மூடிக்கொண்டிருந்தேன். பீபிம்மா பக்கத்தில் வந்து நின்று, கிடங்கில் அவர் சாப்பிடும்போது எதிரில் யார் உட்காருவார்கள் என்று கேட்டார். அப்பா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். யாரும் உட்காருவதில்லை. ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில், ஆட்களைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிவிடுவாராம்.

கணக்குப்பிள்ளை உட்காருவார் என்று சொன்னேன்.

பீபிம்மா தூக்கின் மூடியை அழுத்திப் பார்த்தார்.

"அவருக்கு மூக்கு நல்லா இருக்குமா?"

"தெரியாது பீபிம்மா" என்றேன்.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பீபிம்மா உள்ளே போய்விட்டார். நான் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூன் மாதம் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.